அசிஸ்டட் லிவிங்கில் அம்மா அப்பாவின் நாள் எப்படிப் போகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயம்புத்தூருக்கு மேற்கே, வடவள்ளி, பேரூர், தொண்டாமுத்தூர் என்று மலையைப் பார்த்துப் போகிற வழிகளில் ஓய்வு பெற்றவர்களுக்கான குடியிருப்புகள் நிறைய வந்துவிட்டன. அதில் ஒன்றில், அன்றாடத்துக்குக் கொஞ்சம் ஆள் துணை தேவைப்படுகிறவர்கள் இருக்கும் பகுதியில், நிகழ்ச்சிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பெற்றோரைச் சேர்க்க வருகிற பிள்ளைகளும், சேர்ந்த பிறகு பெரியவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. பதில்கள் என் அனுபவத்திலிருந்து சொல்பவை, வேறு இடத்தில் வேறு மாதிரி இருக்கலாம். மாத்திரை, வியாதி சம்பந்தப்பட்டதை உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதியோர் இல்லத்துக்குத்தானே வேறு பெயர் வைத்திருக்கிறீர்கள்?

இதை நேராகக் கேட்பவர்கள் குறைவு, மனசுக்குள் வைத்திருப்பவர்கள்தான் அதிகம். எங்களைப் போன்ற இடங்களில் பெரும்பாலும் மூன்று அடுக்கு உண்டு. முதல் அடுக்கில் இருப்பவர்கள் தனி வீட்டில் தாங்களே இருப்பார்கள், சாப்பாட்டுக்கு மட்டும் டைனிங் ஹாலுக்கு வருவார்கள், சிலர் காரும் ஓட்டுவார்கள். கடைசி அடுக்கு படுக்கையோடு இருப்பவர்களுக்கானது. நடுவில் இருப்பதுதான் அசிஸ்டட் லிவிங். குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போவது, கட்டிலிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீர் மலத்தை அடக்குவது, சாப்பிடுவது என்று டாக்டர்கள் எண்ணிப் பார்க்கிற ஆறு காரியங்களில் ஒன்றிரண்டுக்கு மட்டும் கை கொடுக்க ஆள் வேண்டும், மற்றதைத் தானே பார்த்துக்கொள்வேன் என்கிறவர்களுக்கு.

இந்த ஏற்பாடு அமெரிக்காவில் ஆரம்பித்த கதை எனக்குப் பிடிக்கும். கெரன் பிரௌன் வில்சன் என்பவரின் அம்மாவுக்கு 55 வயதில் பக்கவாதம் வந்து, அதற்குப் பிறகு நர்சிங் ஹோம்களிலேயே கிடக்க வேண்டியதாயிற்று. அந்த அம்மா மகளிடம் கேட்டதெல்லாம் ஒரு சின்ன அறை, ஒரு அடுப்படி, ஒரு குளியலறை, உள்ளேயிருந்து பூட்டிக்கொள்ள ஒரு கதவு. மகள் முதுமை பற்றிப் படித்து, 1983-ல் ஓரிகான் மாநிலத்தின் போர்ட்லாண்டில் 112 வீடுகளோடு அப்படி ஒன்றைத் திறந்தார். அங்கே இருந்தவர்கள் நோயாளிகள் இல்லை, குடியிருப்பவர்கள். எப்போது தூங்குவது, எதைச் சாப்பிடுவது, யாரை உள்ளே விடுவது எல்லாம் அவர்கள் இஷ்டம். இன்றைக்கு இதே பெயரில் போர்டு மாட்டியிருக்கிற எல்லா இடத்திலும் அந்தக் கதவு இருக்கிறதா என்பது வேறு விஷயம். பார்க்கப் போகும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் எப்படி இருக்கும்?

விடிகாலை காபியில் ஆரம்பிக்கும். (ஐந்தரைக்கே காபி வேண்டும் என்பவருக்கும் ஏழு மணிக்கு முன்னால் கதவைத் தட்டாதே என்பவருக்கும் ஒரே நேரத்தை வைக்கிற இடத்தில் அன்றைய முதல் சண்டையும் அப்போதே ஆரம்பிக்கும்.) குளியல், வெயில் ஏறுவதற்குள் நடை, டிபன், பேப்பர். பத்தரை வாக்கில் உட்கார்ந்தபடி செய்கிற உடற்பயிற்சி, அப்புறம் மோர். மதியச் சாப்பாடு, தூக்கம். நாலு மணிக்கு மேல் கேரம், சீட்டு, பல்லாங்குழி, தாயம், அல்லது யாராவது ஒருவர் பேச மற்றவர்கள் கேட்பது. விளக்கு வைக்கிற நேரத்துக்கு பஜனை, அப்புறம் சீரியல், ஏழரைக்கு இரவுச் சாப்பாடு.

இது நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கும் பட்டியல். உண்மையான நாள் இதன் இடைவெளிகளில்தான் இருக்கிறது. பத்தரை மணிப் பயிற்சிக்கு பத்தே காலுக்கே வந்து உட்கார்ந்து இருவர் பேசுகிற அந்தக் கால் மணி நேரத்துக்கு நான் பயிற்சியைவிட அதிக மதிப்பு கொடுப்பேன்.

அப்பா எதிலும் கலந்துகொள்ள மாட்டேன் என்கிறார், அறையை விட்டே வருவதில்லை. என்ன செய்வது?

எனக்கு அதிகம் வருகிற கேள்வி இது, பெரும்பாலும் அப்பாக்களைப் பற்றித்தான் வரும். பெண்கள் எப்படியோ ஒருவரை ஒருவர் பிடித்துக்கொள்கிறார்கள். பூ கட்ட ஒருவர் உட்கார்ந்தால் பக்கத்தில் இன்னொருவர் வந்துவிடுவார். ஆண்களுக்கு, அதுவும் நாற்பது வருஷம் ஆபீஸ் போனவர்களுக்கு, வேலை இல்லாமல் இன்னொருவர் பக்கத்தில் போய் உட்காரத் தெரியாது.

முதலில் உடம்பைப் பாருங்கள். "எனக்கு இதெல்லாம் பிடிக்காது" என்பதற்குப் பின்னால் நிறைய நேரம் கழிப்பறை இருக்கிறது. நீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அடுத்த இரண்டு மூன்று மணி நேரம் எந்த நிகழ்ச்சியும் பயம்தான், நடுவில் எழுந்து எல்லாரும் பார்க்க வாக்கரைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும், போய்ச் சேர்வதற்குள் வேட்டி நனைந்துவிட்டால் மானம் போச்சு. அதை மகனிடம் சொல்வாரா? பிடிக்காது என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்வார். இதற்காகவே நாங்கள் நிகழ்ச்சிகளைக் கழிப்பறைக்குப் பக்கத்தில் இருக்கிற கூடத்துக்கு மாற்றினோம், முக்கால் மணிக்கு மேல் எதையும் இழுப்பதில்லை. மாத்திரை நேரத்தை மாற்றலாமா என்று டாக்டரிடம் கேட்கலாம், நீங்களாக மாற்றாதீர்கள்.

அடுத்தது காது. ஒற்றையாகப் பேசினால் கேட்கிறது, கூட்டத்தில் ஒன்றும் புரியவில்லை, எல்லாரும் சிரிக்கும்போது தானும் சிரிக்க வேண்டியிருக்கிறது, அதற்கு அறையிலேயே இருந்துவிடலாம். காது மந்தமாவதைக் கவனிக்காமல் விடுவது மறதி நோய்க்கான, நம்மால் சரிசெய்யக்கூடிய காரணங்களில் ஒன்று என்று லான்செட் மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் ஆணையம் 2017-லிருந்தே சொல்லி வருகிறது. காது மெஷின் வாங்கி மேசை டிராயரில் போட்டு வைத்திருப்பவர்கள் நிறைய. வாங்கிக் கொடுத்ததோடு உங்கள் வேலை முடியவில்லை, பேட்டரி மாற்ற, சத்தம் சரிபார்க்க யாராவது வாராவாரம் வேண்டும்.

இரண்டும் சரியாக இருந்தும் வரவில்லை என்றால், அவரை நிகழ்ச்சிக்குக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டு ஒரு வேலை கொடுங்கள். உண்மையான வேலை, அவர் செய்யாவிட்டால் நாலு பேருக்குச் சிரமம் என்கிற மாதிரி. எங்களிடம் தபால் துறையில் இருந்த ஒருவர் கூரியர், தபால், பேப்பர் எல்லாம் பிரித்து அறைவாரியாகக் கொடுக்கிறார். வீல்சேரில்தான் போவார், மடியில் ஒரு பை. அவர் எந்த விளையாட்டுக்கும் வந்ததில்லை, ஆனால் எல்லார் வீட்டு விஷயமும் அவருக்குத் தெரியும். ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவர் மதியம் இரண்டு மணிக்கு அட்டெண்டர் பெண்களுக்குத் தமிழ் எழுத்து சொல்லிக் கொடுக்கிறார், அவர்களில் சிலர் ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள். வீட்டுப்பாடம் செய்யாவிட்டால் திட்டுவார். அந்த அம்மாவுக்கு மதியத் தூக்கம் போனதைப் பற்றி மகள் என்னிடம் கவலையாகக் கேட்டார், போகட்டும் என்றேன்.

நவம்பர் மாதம் இங்கே தனிக் களை. பென்ஷன்காரர்கள் வருஷத்துக்கு ஒருமுறை உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும், 80 வயதைத் தாண்டிய மத்திய அரசு ஓய்வூதியர்கள் அக்டோபரிலிருந்தே கொடுக்கலாம். ஜீவன் பிரமான் என்கிற டிஜிட்டல் உயிர்வாழ் சான்றை இப்போது செல்போனில் முகத்தைக் காட்டியே முடித்துவிடலாம் என்பதால், வங்கியில் இருந்த ஒருவர் கூடத்தில் மேசை போட்டு உட்கார்ந்து, ஒவ்வொருவரையும் வெளிச்சத்தில் உட்கார வைத்து, கண்ணைச் சிமிட்டச் சொல்லி, முடித்துக் கொடுக்கிறார். வேறு மாதங்களில் அவர் யாரோடும் அதிகம் பேச மாட்டார், அதனால் என்ன.

1976-ல் எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் ஒரு நர்சிங் ஹோமில், பொறுப்பு கொடுத்தால் என்ன ஆகும் என்பதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு மாடியில் இருந்தவர்களிடம் உங்கள் அறையை எப்படி வைத்துக்கொள்வது, எந்த நாள் சினிமா பார்ப்பது எல்லாம் நீங்களே முடிவு செய்யுங்கள் என்று சொல்லி, ஒரு செடியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, அதற்குத் தண்ணீர் ஊற்றுவது உங்கள் பொறுப்பு என்றார்கள். இன்னொரு மாடியிலும் செடி கொடுத்தார்கள், ஆனால் நர்ஸ் தண்ணீர் ஊற்றுவார், எல்லாவற்றையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். மூன்று வாரத்தில் முதல் மாடிக்காரர்கள் சுறுசுறுப்பிலும் சந்தோஷத்திலும் தெளிவாகவே முன்னால் இருந்தார்கள். அம்மாவை ராணி மாதிரி வைத்திருக்க வேண்டும், ஒரு துரும்பைக்கூட அசைக்க விடக்கூடாது என்று பணம் கட்டுகிற பிள்ளைகளுக்கு நான் இந்த இரண்டாவது மாடியைத்தான் ஞாபகப்படுத்துவேன்.

காலமெல்லாம் உழைத்தவர்கள், இனி ஓய்வு எடுக்கட்டுமே. எதற்கு உடற்பயிற்சி?

ஓய்வு எடுக்கட்டும், தாராளமாக. ஆனால் வயதானவர் படுத்தே இருந்தால் சதை கரைகிற வேகம் பயங்கரமானது. 2007-ல் வெளிவந்த ஒரு ஆய்வில், சராசரி 67 வயதில் ஆரோக்கியமாக இருந்தவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் சொன்னார்கள். காலில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ சதை போய்விட்டது. காய்ச்சல், ஆஸ்பத்திரி என்று ஒரு வாரம் படுத்து எழுந்தவர் ஏன் கட்டிலிலிருந்து எழவே திணறுகிறார் என்பதற்கு இதுதான் பதில், எல்லாவற்றையும் வயசின் மேல் போட வேண்டியதில்லை.

திரும்ப வருமா என்றால், வரும். 1990-ல் போஸ்டனில் ஒரு முதியோர் மறுவாழ்வு மையத்தில் தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால்களுக்கு நல்ல பளுவோடு பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சியை முடித்தவர்களின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. இரண்டு பேர் கைத்தடியை விட்டுவிட்டார்கள். இனி எழுந்து நடந்து என்ன ஆகப்போகிறது என்று சொல்கிறவர்களிடம் நான் இதைச் சொல்லாமல் விடுவதில்லை.

உலக சுகாதார அமைப்பு 2020-ல் சொன்னபடி 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமாக உடம்பை அசைக்க வேண்டும், அதில் மூன்று நாளாவது தள்ளாட்டத்தைக் குறைக்கிற, பலம் கூட்டுகிற பயிற்சிகள் இருக்க வேண்டும். முடியாதவர்கள் முடிந்த அளவுக்கு. நடைப்பயிற்சி மட்டும் போதும் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது, போதாது. இங்கே செய்வது ரொம்ப எளிமையானது: கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்வது, சுவர்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி நிற்பது, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை இரண்டு கையிலும் வைத்துத் தூக்குவது. ஈரத் துண்டைப் பிழிவதுகூடப் பயிற்சிதான், கைப்பிடி பலம் போனால் சட்டைப் பட்டன் போட முடியாது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, 30 வினாடியில் எத்தனை தடவை நாற்காலியிலிருந்து எழ முடிகிறது என்று எண்ணுங்கள், பக்கத்தில் ஒருவர் நின்றுகொள்ளுங்கள். 80 முதல் 84 வயதுப் பெண் 9 தடவைக்குக் குறைவாகவும் அதே வயது ஆண் 10 தடவைக்குக் குறைவாகவும் எழுந்தால், விழுகிற அபாயம் இருக்கிறது என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் எடுத்துக்கொள்கிறது. சேர்கிற நாளில் இந்த எண்ணிக்கையைக் குறித்து வைத்து மூன்று மாதம் கழித்து மறுபடி எண்ணச் சொல்லுங்கள். அந்த இடம் வேலை செய்கிறதா இல்லையா என்று அது காட்டிக் கொடுத்துவிடும்.

விழுந்துவிட்டால் என்ன செய்வது? அதற்காகத்தானே நடக்க வேண்டாம் என்கிறோம்.

விழாமல் இருக்க வீல்சேரில் உட்கார வைப்பது ஒரு மாதத்துக்குப் பலன் தரும், அதற்குள் கால் பலம் போய், கழிப்பறையில் ஒரு நிமிடம் நிற்கிற நேரத்தில் விழுவார்கள். யாரும் விழவே மாட்டார்கள் என்று எந்த இடமாவது உறுதி சொன்னால் நம்பாதீர்கள், ஒன்று பொய், இல்லாவிட்டால் யாரையும் எழ விடுவதில்லை.

செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. தரையைத் தொடுகிற நைட்டியைக் கணுக்காலுக்கு மேலே தைத்து வாங்குங்கள். ஹவாய் செருப்பை எடுத்துவிட்டு, குதிகாலைப் பிடிக்கிற பட்டை வைத்த செருப்பு. கட்டிலிலிருந்து கழிப்பறை வரை இரவு விளக்கு. எழுந்ததும் நடக்காமல் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து காலைக் கொஞ்சம் ஆட்டிவிட்டு எழுவது, ஏனென்றால் படுத்திருந்துவிட்டு சட்டென்று எழுந்தால் சிலருக்கு ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். தூக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அது தேவைதானா என்று டாக்டரிடம் ஒருமுறை பேசுவது நல்லது.

வாக்கர், வீல்சேரில் இருப்பவர்களை ஒதுக்கிவிடுவார்களா?

கட்டடம் ஒதுக்கிவிடலாம். டைனிங் மேசைக்கு அடியில் வீல்சேர் நுழையுமா, தோட்டப் பாதையில் சல்லி கொட்டியிருக்கிறார்களா, லிப்ட் கதவு அவசரமாக மூடுகிறதா, இதெல்லாம்தான் முடிவு செய்யும்.

சாப்பாடு?

வீட்டுச் சாப்பாடு மாதிரி இருக்குமா என்றுதான் எல்லாரும் கேட்பார்கள், இருக்காது. கேட்க வேண்டியது புரதத்தைப் பற்றி. வயதானவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமாவது, முடிந்தால் அதற்குக் கொஞ்சம் மேலேயும் தினம் வேண்டும் என்பது இப்போது நிபுணர்கள் சொல்வது, சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கு மட்டும் கணக்கு வேறு. 50 கிலோ எடையுள்ள அம்மாவுக்கு 50 கிராம். காலையில் இரண்டு இட்லி, மதியம் ரசம் சாதம், இரவு மறுபடி இட்லி என்றால் அதில் பாதிகூடத் தேறாது. சாயங்காலம் பிஸ்கட்டுக்குப் பதில் சுண்டல் (நன்றாக வேகவைத்து, பல் இல்லாதவர்களுக்கு மசித்து), மதியம் கெட்டிப் பருப்பு, ராத்திரி ஒரு டம்ளர் பால், சாப்பிடுகிறவர்களுக்கு முட்டை என்று நாங்கள் கேட்டு வாங்கினோம். கொங்கு நாட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கொள்ளு ரசமும் பச்சைப்பயறு கடைசலும் இருந்தால் பேச்சே வேண்டாம்.

இன்னொன்று, அறைக்கே சாப்பாடு கொண்டுவரச் சொல்வதை வழக்கமாக்காதீர்கள். ஒரு நாளில் மற்றவர்கள் முகத்தைப் பார்க்க உறுதியாகக் கிடைக்கிற மூன்று சந்தர்ப்பம் அதுதான்.

மறதி நோய் இருக்கிறது. அம்மாவால் என்ன செய்ய முடியும்?

நேற்று நடந்தது ஞாபகம் இருக்காது, கைக்குப் பழகியது இருக்கும். வெகு நாள் செய்த காரியத்தைக் கை அவ்வளவு சீக்கிரம் விடாது. முருங்கைக்கீரை ஆய்வது, பஞ்சைத் திரித்து விளக்குத் திரி செய்வது, துணி மடிப்பது, வெற்றிலை துடைத்து அடுக்குவது, மல்லிகை தொடுப்பது. மகள் பெயரைச் சொல்லத் தடுமாறுகிற ஒருவர் பூவை எடுத்தால் முழம் அளவு பிசகாமல் கட்டுவதைப் பார்த்திருக்கிறேன். பாட்டும் அப்படித்தான், பேச்சு குறைந்த பிறகும் பழைய பாட்டின் அடுத்த வரி வாயில் வரும்.

கவனிக்க வேண்டியது, செய்த வேலையை அவர்கள் கண்ணெதிரே வீணாக்கக்கூடாது. மடித்த துணியைக் கலைத்துவிட்டு மறுபடி மடிக்கக் கொடுப்பதைச் சில இடங்களில் பார்க்கலாம், எனக்குப் பிடிக்காது. ஆய்ந்த கீரை சமையலுக்குப் போக வேண்டும், திரித்த திரி சாயங்காலம் எரிய வேண்டும். நோய் முற்றியவர்கள் கையில் சோழி, புளியங்கொட்டை மாதிரிச் சின்னப் பொருள்களைக் கொடுக்காதீர்கள், வாயில் போட்டுக்கொள்வார்கள். சாயங்காலம் இருட்டுகிற நேரத்தில் சிலருக்குப் பதற்றம் கூடும், வீட்டுக்குப் போகணும் என்பார்கள். இதுதான் உன் வீடு என்று வாதம் பண்ணாமல், விளக்கைப் போட்டுவிட்டு வீட்டைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள், பேசிக்கொண்டே இரண்டு சுற்று நடந்தால் பெரும்பாலும் அடங்கும்.

பஜனை மட்டும்தானா?

உள்ளதைச் சொல்கிறேன், நிறைய இடங்களில் ஆமாம். விஷ்ணு சகஸ்ரநாமம், மார்கழியில் திருப்பாவை, நவராத்திரிக்குக் கொலு என்று நாள்காட்டி நிறைந்துவிடும். அதில் மனசு நிறைகிறவர்கள் பலர், நல்லதுதான். ஆனால் கிறிஸ்தவர்கள், முஸ்லிம்கள், சாமியே கும்பிடாதவர்கள், சைவமா வைணவமா என்பதெல்லாம் வேறு ஒரு காலம் என்று நினைப்பவர்கள், இவர்களுக்கு மாலை நேரம் முழுக்க வேறு போக்கிடம் இல்லை என்றால் அது அவர்கள் வீடு ஆகாது. எங்களிடம் அதே நேரத்தில் இன்னொரு அறையில் செஸ்ஸும் பழைய சினிமாப் பாட்டும் ஓடும். கிறிஸ்துமஸ் கேக்கை எல்லாரும் சேர்ந்து செய்கிறோம், ரம்ஜான் அன்று சேமியா பாயசம். அசைவம் பற்றி முன்பே கேட்டுவிடுங்கள், நிறையக் குடியிருப்புகளில் சைவம் மட்டும்தான். எழுபது வருஷமாக ஞாயிற்றுக்கிழமை என்றால் கறிக்குழம்பு என்று இருந்த ஒருவருக்கு அது சின்ன விஷயம் இல்லை.

சண்டை வருமா?

வராமல்? பேன் வேகம், டிவி ரிமோட், ஆங்கிலப் பேப்பரை ஒருவரே ஒரு மணி நேரம் வைத்துக்கொள்வது, "அது என் நாற்காலி". சீட்டாட்டத்தில் பாயிண்டுக்கு ஐம்பது பைசா வைத்து விளையாடிவிட்டு இரண்டு பேர் இரண்டு மாதம் பேசாமல் இருந்தார்கள். நாங்கள் பெரும்பாலும் தலையிடுவதில்லை. சண்டை போடுகிற அளவுக்கு ஒன்றின் மேல் அக்கறை இருப்பது நல்ல அறிகுறி என்பது என் அபிப்பிராயம். சாதியைச் சொல்லியோ, அட்டெண்டர்களை மரியாதைக் குறைவாகவோ பேசினால் மட்டும் விட மாட்டோம், வயசு அதற்குச் சலுகை இல்லை.

குடியிருப்போர் கமிட்டி ஒன்று இருந்தால் பாதிப் பிரச்சினை அவர்களுக்குள்ளேயே தீரும். மெனுவில் கை வைக்க அந்தக் கமிட்டிக்கு அதிகாரம் இருக்க வேண்டும், தீபாவளிக்கு விளக்கேற்ற மட்டும் கூப்பிடுகிற கமிட்டி வேண்டாம்.

அம்மாவை எல்லாரும் "பாட்டி" என்கிறார்கள், அவருக்குப் பிடிக்கவில்லை.

சொல்லிவிடுங்கள், தயங்க வேண்டாம். இருபத்திரண்டு வயது அட்டெண்டர் பிரியமாகத்தான் கூப்பிடுகிறாள், ஆனால் தலைமையாசிரியையாக இருந்தவருக்கு "டீச்சர்" என்று கேட்டால்தான் தன் பெயர் மாதிரி இருக்கும். சிலருக்கு அம்மா, சிலருக்கு மேடம், சிலருக்கு ஐயா, சார். "சார், குளிக்கப் போலாமுங்களா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறார்களா என்று பாருங்கள், அதுதான் முக்கியம். அவர்கள் பதிலுக்கு "வா கண்ணு" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டால் நீங்கள் நிம்மதியாக ஊருக்குப் போகலாம்.

முதல் ஒரு மாதம் வந்து பார்க்க வேண்டாம் என்கிறார்களே?

எனக்கு உடன்பாடு இல்லை. வாருங்கள், ஆனால் அழைத்துக்கொண்டு வெளியே போவதைவிட, உள்ளேயே உட்கார்ந்து அவர்களோடு டைனிங் ஹாலில் சாப்பிடுங்கள், பக்கத்து நாற்காலிக்காரரிடம் பேசுங்கள். அடுத்த நாள் அந்த ஆள் "உங்க பையன் வந்திருந்தாரே" என்று பேச்சை ஆரம்பிப்பார்.

நாங்கள் வெளிநாட்டில் இருக்கிறோம். தினம் வீடியோ காலில் பேசினால் போதுமா?

நேரம் மாறாமல் பேசுங்கள், எவ்வளவு நேரம் என்பதைவிட அதுதான் அவர்களுக்குப் பெரிது. அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: இங்கே காலை 7 மணி என்றால் நியூயார்க்கில் கோடையில் முந்தைய இரவு 9.30, நவம்பரில் கடிகாரத்தை மாற்றிய பிறகு 8.30. அந்த ஒரு மணி நேர மாற்றத்தை முன்கூட்டிச் சொல்லாமல் போனால், ஏழு மணிக்கே போனைக் கையில் பிடித்தபடி காலை நடையை விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

அப்புறம், "சாப்டீங்களா, மாத்திரை போட்டீங்களா" என்ற இரண்டு கேள்வியோடு நிறுத்தாதீர்கள். வத்தக்குழம்புக்கு எவ்வளவு புளி, அந்த நிலத்துப் பத்திரத்தில் வடக்கு எல்லை யாருடையது, பேரன் பள்ளிக்கூடத்தில் தாத்தாவின் ஊரைப் பற்றி எழுதச் சொன்னார்கள் என்று ஏதாவது ஒரு வேலை கொடுங்கள். ஊரைப் பற்றிக் கேட்கப்பட்ட ஒரு தாத்தா ஒரு வாரம் அதை எழுதினார், பக்கத்து அறைக்காரரிடம் சரிபார்த்தும் கொண்டார்.

ஓட்டுப் போட முடியுமா?

முடியும். முகவரி மாற்றத்துக்குப் படிவம் 8 கொடுத்தால் பெயர் இந்தத் தொகுதிக்கு வந்துவிடும். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் 85 வயதுக்கு மேற்பட்டவர்கள் படிவம் 12டி கொடுத்து இருந்த இடத்திலேயே ஓட்டுப் போட வழி இருந்தது. ஆனால் இங்கே பலர் வேன் பிடித்து பூத்துக்குத்தான் போக வேண்டும் என்றார்கள், நல்ல புடவை கட்டிக்கொண்டு.

யாராவது இறந்துவிட்டால் மற்றவர்களிடம் சொல்வீர்களா?

சொல்வோம், அன்றைக்கே. மறைத்து வைக்கிற இடங்கள் உண்டு, ராத்திரியோடு ராத்திரியாகப் பின்வாசல் வழியே கொண்டுபோய்விட்டுக் காலையில் "ஊருக்குப் போயிருக்கார்" என்பார்கள். யாரும் நம்ப மாட்டார்கள், அதோடு, நமக்கும் இப்படித்தானே நடக்கும் என்ற நினைப்பு வந்துவிடும். இங்கே முன்வாசல் வழியாகத்தான் போவார்கள், பார்க்க விரும்புகிறவர்களைக் கூட்டி வந்து உட்கார வைப்போம். மாலையில் பத்து நிமிடம் அவரைப் பற்றிப் பேசுவோம். சீட்டில் ஏமாற்றுவார் என்றுகூட யாராவது சொல்வார்கள், சிரிப்பார்கள். அடுத்த சில நாள் யார் சாப்பாட்டைக் குறைக்கிறார்கள், யார் அறையிலேயே இருக்கிறார்கள் என்று மட்டும் கொஞ்சம் கூர்ந்து கவனிப்போம்.

ஒரு இடத்தைப் பார்க்க வரும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

நாள் குறித்து ஒருமுறை வாருங்கள், சொல்லாமல் ஒருமுறை வாருங்கள். சொல்லாமல் வருவது ஞாயிற்றுக்கிழமை மாலையாக இருக்கட்டும், ஆள் குறைவாக இருக்கிற நாள் அது. கூடத்தில் எத்தனை பேர் டிவி முன்னால் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். போன ஞாயிறு என்ன நடந்தது என்று நிர்வாகியிடம் கேட்காமல் அங்கே இருக்கும் ஒருவரிடம் கேளுங்கள். இரவில் எத்தனை அட்டெண்டர், எத்தனை பேருக்கு. மணியை அழுத்தினால் எவ்வளவு நேரத்தில் வருகிறார்கள், கழிப்பறையில் இருக்கிற மணி தரையில் விழுந்தவர் கைக்கு எட்டுமா. நடைபாதையில் கைப்பிடியும் நடுநடுவே பெஞ்சும் உண்டா, ஆடிக் காற்றிலும் மழையிலும் நடக்கக் கூரை போட்ட இடம் உண்டா, ஏனென்றால் இந்தப் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்க ஆரம்பித்தால் வாக்கரோடு வெளியே நிற்க முடியாது. வீட்டிலிருந்து என்னென்ன கொண்டுவரலாம், துளசிச் செடி, தையல் மெஷின், ஒரு டம்ளர் காபி போட்டுக்கொள்ள கெட்டில்? எதையும் கொண்டுவரக் கூடாது, எல்லாம் நாங்கள் தருவோம் என்றால், ஏன் என்று கேளுங்கள்.

முடிந்தால் சேர்வதற்கு முன் ஒரு வாரம் அம்மாவையோ அப்பாவையோ தங்கிப் பார்க்கச் சொல்லுங்கள், நிறைய இடங்களில் அதற்கு வசதி உண்டு. திரும்பி வந்ததும் எப்படி இருந்தது என்று கேட்டால் "பரவாயில்லை" என்பார்கள், அதில் ஒன்றும் தெரியாது. அங்கே யார் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். இரண்டு மூன்று பேரைப் பற்றிக் குறையோ புகழோ சொல்லத் தெரிந்தால் அட்வான்ஸ் கட்டுவதைப் பற்றி யோசிக்கலாம்.